விற்ற பொருள்

மழை பிடித்துக்கொண்டால் எங்கள் தெருவில் முதலில் படுத்துவிடுவது அண்ணி வீட்டுப் பிழைப்புதான். அண்ணி என்றால் எங்களுக்கு உறவில்லை. அவளுடைய நாத்தனார் வாய்க்கு வாய் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்டுத் தெருவே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது. பால் ஊற்றுகிற கிழவர்கூட "அண்ணி, பாத்திரம் கொண்டாங்க" என்றுதான் குரல் கொடுப்பார்.

லாட்ஜில் விரிக்கிற படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் மூட்டை மூட்டையாக அந்த வீட்டுக்கு வரும். முன்னறையில் ஒரு பழைய வாஷிங் மெஷின், பின்கட்டில் ஒரு சிமெண்டுத் தொட்டி. கறை உள்ளதைத் தனியாகப் பிரித்து, சோடா கலந்த வெந்நீரில் ஊறப்போட்டு, பிரஷ்ஷால் தேய்த்த பிறகுதான் மெஷினில் போடுவார்கள். தலைச்சாயம் பூசிக்கொண்டு படுத்தவன், படுக்கையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டவன், மூக்கு உடைந்தவன் என்று ஒவ்வொருவனும் எதையாவது விட்டுவிட்டுத்தான் போயிருப்பான். "ஊர்ல உள்ளவன் தூக்கமெல்லாம் நம்ம கையிலதான் வெளுக்குது" என்று அண்ணி சொல்வாள்.

வெயில் காலத்தில் கவலையில்லை. மொட்டை மாடியில் கொடி கட்டினால் கடைசி விரிப்பைப் போடுவதற்குள் முதல் விரிப்பு மொடமொடவென்று காய்ந்திருக்கும். மழை வந்தால் கொடியெல்லாம் வீட்டுக்குள் வந்துவிடும். ஈர விரிப்புகளுக்கு நடுவே குனிந்து குனிந்துதான் அடுப்படிக்குப் போக முடியும். அண்ணியின் கணவன் தொலைதூர லாரி ஓட்டுகிறவன். சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு வெள்ளைத் துணிகளுக்கு நடுவே இடம் தேடுவான். "நான் வீட்டுக்கு வந்தேனா, ஆஸ்பத்திரிக்கு வந்தேனாடி?" என்பான். சாப்பிடுவான், தூங்குவான், மறுபடி லாரிக்குப் போய்விடுவான்.

அவன் தங்கைதான் அந்த நாத்தனார்; தெருவில் அவளுக்குப் பெயர் செக்கிங். ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கிற கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்த்தவள். கட்டிக்கொடுத்த இடம் ஒத்துவராமல் அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள். ஒரு தையல் விட்டுப்போயிருந்தால், ஒரு பொத்தான் கோணலாக இருந்தால் அவள் கண் அங்கேதான் போய் நிற்கும். புதுச் சட்டை போட்டுக்கொண்டு போகிறவனை நிறுத்தி, "எவ்வளவு குடுத்த? இடது தோள் இழுத்துக்கிட்டு நிக்குதே, பாக்காமலா வாங்கின?" என்று கேட்பாள். புதுத்துணி போட்டவர்கள் பின்தெரு வழியாகச் சுற்றிப் போவதும் உண்டு. கம்பெனியை இழுத்து மூடியபோது கணக்கு முடித்துக் கொடுத்த பணம் அவள் கையில் இருந்தது. அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

அந்த வருஷம் மழை விடவேயில்லை. லாட்ஜ் மேனேஜர் ஒரு விரிப்பை மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிப் போட்டார்.

"என்ன அண்ணி, நாய் நனைஞ்ச வாடை அடிக்குது. இதுல ஆளப் படுக்க வைக்கிறதா?"

"ஃபேன்ல போட்டுத்தாங்க காயவைக்கிறோம். வெயிலே எட்டிப் பாக்கலையே."

"வெயில் வரலேன்னு வர்றவன்கிட்ட நான் சொல்ல முடியுமா? டவுன்ல பெரிய லாண்டரி ஒண்ணு வந்திருக்கு. அவங்க இஸ்திரி போட்டு, கவர் போட்டுக் குடுக்குறாங்க. உங்க மூஞ்சிக்காகத்தான் நான் பேசாம இருக்கேன்."

வீட்டுக்கு வந்து அண்ணி இதைச் செக்கிங்கிடம் சொன்னாள். மறுநாள் காலையில், "அண்ணி, கெளம்புங்க. துணி காயவைக்கிற மெஷின் பாத்துட்டு வரலாம்" என்றாள்.

"அது உன் காசு."

"என் காசுதான். அதுக்கென்ன, பெட்டியில வச்சா குட்டி போடுமா? கெளம்புங்க."

கடையில் கழுத்துப்பட்டை கட்டிய விற்பனைப் பையன் ஒவ்வொரு மெஷினாகத் திறந்து காட்டினான். செக்கிங் கதவைத் திறந்து மூடினாள். உள்ளே கையைவிட்டு உருளையைச் சுழற்றிப் பார்த்தாள். விரலால் ரப்பரைத் தடவினாள்.

"தம்பி, முன்னாடியே சொல்லிடுறேன். நாங்க லாட்ஜ் துணி வெளுக்குறவங்க. ஒரு நாளைக்கு ஒரு துணி இல்ல, மூட்டையா வரும். தாங்குமா?"

"தாராளமா ஓட்டுங்கக்கா. மாட்ட ஓட்டுற மாதிரி ஓட்டலாம். கம்பெனி வாரண்டி இருக்கு, அப்புறம் என்ன?"

பில்லின் அடியில் பொடி எழுத்தில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சடித்திருந்தது. செக்கிங் அதில் விரலை வைத்தாள். "இது என்ன?"

"அது எல்லா பில்லுலயும் இருக்கும்கா. சும்மா."

மெஷின் வந்த அன்று வீடு சிரித்தது. ஈரமாகப் போன விரிப்பு கதகதவென்று வெளியே வந்ததும் அண்ணி அதை முகத்தில் ஒற்றிக்கொண்டாள். உள்கொடிகளை அவிழ்த்துச் சுருட்டினார்கள். முட்டை வேகவைத்து, தேநீர் போட்டு, மெஷினுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள். "டிவி வாங்கினாக்கூட இப்படிப் பாத்திருக்க மாட்டோம்டி" என்றாள் அண்ணி.

சீக்கிரமே விரிப்புகளில் பழுப்பு வளையங்கள் விழ ஆரம்பித்தன. தேநீர்க் குவளையை வைத்து எடுத்ததுபோல் ஒன்று, கையளவில் ஒன்று. கறை சரியாகப் போகவில்லை என்று நினைத்து அண்ணி மறுபடி தேய்த்தாள். தேய்த்த இடம் பொடிந்து விரல் உள்ளே போனது. செக்கிங் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். "இது கறையில்ல அண்ணி. கருகல்."

அப்புறம் மெஷின் நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காமல் ஓட ஆரம்பித்தது. துணி காய்ந்த பிறகும் சுற்றிக்கொண்டே இருக்கும். கதவில் கை வைக்க முடியாது. ஒரு தடவை தலையணை உறையிலிருந்து புகையே வந்துவிட்டது. அண்ணி ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினாள். அதற்குள் லாட்ஜிலிருந்து மூட்டையாகத் துணி திரும்பி வந்துவிட்டது. மேனேஜர் சத்தம் போடவில்லை. "இதுக்கெல்லாம் புதுசு வாங்கித் தந்துடுங்க அண்ணி. அதோட நாம முடிச்சுக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று அண்ணி பிறகு எங்களிடம் சொன்னாள்.

இருவரும் கருகிய விரிப்புகளைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார்கள். விற்ற பையன் அவர்களைப் பார்த்ததும் குளிர்சாதனப் பெட்டிகளுக்குப் பின்னால் போய்விட்டான். கடை மேலாளர் வந்தார். செக்கிங் விரிப்பை மேசைமேல் விரித்தாள்.

"உங்க வீட்ல கரண்டு ஏத்த இறக்கமா இருக்கும்மா."

"பக்கத்துலயே பழைய வாஷிங் மெஷின் ஓடுது. அதுக்கு ஒண்ணும் ஆகலையே."

"அளவுக்கு மேல திணிச்சிருப்பீங்க."

"அளவு மெஷின் மேலயே எழுதியிருக்கு. எனக்குப் படிக்கத் தெரியும்."

"சரி, எதுக்கு ஓட்டுறீங்க?"

"லாட்ஜ் துணிக்கு" என்றாள் அண்ணி.

மேலாளர் பேனாவை மூடி வைத்தார். முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "அங்கதான் இருக்கு விஷயம். இது வீட்டு உபயோகத்துக்குக் குடுக்குற மெஷின். தொழிலுக்கு ஓட்டினா வாரண்டியே கெடையாது."

"வாங்குறப்பவே சொன்னோமே! உங்க பையன்கிட்டதான் சொன்னோம். கூப்பிடுங்க அவனை."

பையன் வந்தான். கழுத்துப்பட்டையின் நுனியைச் சுருட்டிக்கொண்டே நின்றான். மேலாளர், "இவங்க லாட்ஜுன்னு உன்கிட்டச் சொன்னாங்களா?" என்று கேட்டார். அவன் அண்ணியைப் பார்த்தான், மேலாளரைப் பார்த்தான். "ஞாபகம் இல்ல சார்" என்றான்.

வெளியே வந்து மழைக்கு ஒதுங்கி நின்றபோது அண்ணி, "விட்டுடலாம்டி. நமக்கு எதுக்கு?" என்றாள்.

"எதுக்கு விடணும்? நான் ஒரு சட்டையில ஒரு நூல் ஏறியிருந்தாக்கூட திருப்பி அனுப்புவேன். கடல் தாண்டி இருக்குறவன் திரும்ப அனுப்பினா எங்க கம்பெனி வாய மூடிக்கிட்டு வாங்கிக்கும். நாம மட்டும் என்ன தக்காளித் தொக்கா?"

நுகர்வோர் குறைதீர் அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. படிக்கட்டில் வாளிகள் வைத்து ஒழுகல் பிடித்திருந்தார்கள். அங்கிருந்த எழுத்தர், கழுத்தில் மஃப்ளர் சுற்றிய மனிதர், அவர்கள் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். அப்படிக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

"தொழிலுக்கு ஓட்டினா வாரண்டி இல்லன்னு சொன்னாங்களா? உங்ககிட்ட கூலிக்கு ஆள் இருக்கா?"

"நாங்க ரெண்டு பேர்தாங்க."

"நீங்களே உழைச்சு உங்க வயித்துப்பாட்டுக்கு ஓட்டுறதுன்னா நீங்களும் நுகர்வோர்தான். அவன் சொல்றது செல்லாது. பில்லுல திருப்பி எடுக்க மாட்டோம்னு அடிச்சிருக்கானே, பழுதான பொருளுக்கு அதுவும் செல்லாது. காசு திருப்பிக் கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு."

செக்கிங் அண்ணியின் தொடையில் கிள்ளினாள். அண்ணிக்கு வலித்தது. ஆனாலும் சிரித்தாள்.

"ஆனா ஒண்ணும்மா. குறை பொருள்ல இருக்குன்னு காட்டணும். மொதல்ல கம்பெனி மெக்கானிக்கக் கூப்பிட்டு எழுதி வாங்குங்க. அதுவரைக்கும் மெஷினத் தொடாதீங்க. ரிப்பேர் பண்ணாதீங்க, வித்துடாதீங்க. அதுதான் உங்க சாட்சி."

வரும் வழியில் இருவரும் ரொட்டி வாங்கித் தின்றார்கள். செக்கிங் அன்று அண்ணனுக்குப் போன் போட்டு, "நாங்களும் நுகர்வோர்தானாம்ணே" என்று ஏதோ வேலை கிடைத்த மாதிரி சொன்னாள். "அப்படின்னா என்னடி?" என்றான் அவன்.

மெக்கானிக் வர வெகுநாளாயிற்று. போன் செய்தால் ஒரு பாட்டு ஓடும், பிறகு ஒரு பெண் குரல் மன்னிப்புக் கேட்கும், அதோடு துண்டித்துவிடும். கடைசியில் வந்தவன் நனைந்து போயிருந்தான். அண்ணி துடைத்துக்கொள்ளத் துண்டு கொடுத்து, தேநீரும் கொடுத்தாள். அவன் மெஷினின் முதுகைத் திறந்து, விளக்கை அடித்துப் பார்த்தான். உச்சுக்கொட்டினான்.

"இதானே பாத்தேன். சூடு ஏறினா நிறுத்துற சாமான் உள்ள ஒண்ணு இருக்கும்கா. அது ஆரம்பத்துலயே வேலை செஞ்சிருக்காது. இந்த மாடல்ல இதே தலைவலிதான். போன வாரம்கூட ஒரு வீட்ல போர்வை எரிஞ்சிடுச்சு."

"அப்போ எங்க மேல தப்பில்லையே தம்பி?" என்றாள் அண்ணி.

"உங்க மேல என்னக்கா தப்பு?"

அண்ணி உள்ளே போய் அவனுக்கு இன்னும் ஒரு டம்ளர் தேநீர் ஊற்றினாள். அவன் அறிக்கையை எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டினான். செக்கிங் வாங்கிப் படித்தாள். திரும்பவும் முதலிலிருந்து படித்தாள்.

"அண்ணி, கேளுங்க. 'அதிக எடை. முறையற்ற உபயோகம். தயாரிப்பில் குறை இல்லை.' தம்பி, இப்பத்தானே வாயால வேற சொன்ன?"

"வாயால சொன்னது நான்கா. எழுதுறது கம்பெனி."

"கை உன் கைதானே?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "குறைன்னு எழுதினா அந்தத் தாள் ஆபீஸத் தாண்டாதுக்கா. வேற ஆள அனுப்பி வேற மாதிரி எழுதி வாங்கிடுவாங்க. எனக்கு நாளைக்கு வேலை தர மாட்டாங்க. போன மாசம் ஒருத்தன் எழுதினான், இப்போ அவன் பெயிண்டடிக்கப் போறான்."

"அந்தப் போர்வை எரிஞ்ச வீட்ல என்ன எழுதின?"

அவன் கருவிகளைப் பைக்குள் போட ஆரம்பித்தான். செக்கிங் கையெழுத்துப் போடவில்லை. 'வாடிக்கையாளர் கையெழுத்திட மறுத்தார்' என்று எழுதிக்கொண்டு அவன் போனான். ஊற்றிய தேநீர் ஆறிக் கிடந்தது.

எழுத்தர் அந்த அறிக்கையைப் பார்த்துவிட்டு மஃப்ளரை இறுக்கிக்கொண்டார். "பரவாயில்ல. இதை எதிர்த்துத் தனி நிபுணர் கேக்கலாம். ஆனா உத்தரவு போட நீதிபதி வேணுமே. இருந்தவர் ஓய்வு பெற்றுட்டாரு. புதுசா ஆள் போடல." புகாரை வாங்கி முத்திரை குத்தினார். முதல் தேதியில் கம்பெனி வக்கீல் வந்து அவகாசம் கேட்டார். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் எழுத்தரிடமே கேட்டுவிட்டுப் போனார். அடுத்த தேதியில் அவரும் வரவில்லை. அண்ணியும் நாத்தனாரும் காலி நாற்காலியைப் பார்த்தபடி மதியம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார்கள்.

லாட்ஜ் துணி நின்றுவிட்டது. கெடுத்த விரிப்புகளுக்கு ஈடாக அண்ணியின் கம்மல் போனது. அக்கம்பக்கத்துப் போர்வை, ஜன்னல் துணி என்று ஏதோ வந்தது. வீட்டுக்குள் கொடி மறுபடி ஏறியது. அடுப்படிக்குப் போகிற வழியில் மெஷின் நின்றது. தொடக்கூடாத பொருள் அது. அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். முழங்காலில் இடித்துக்கொள்ளும்போதெல்லாம் செக்கிங் அதைக் கெட்ட வார்த்தையில் திட்டினாள். அப்புறம் திட்டுவதையும் விட்டுவிட்டாள். உலை கொதிக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பாள். கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்புவாள். கல் கிடக்கிற சோற்றை ஒன்றும் சொல்லாமல் தின்றாள். அதுதான் அண்ணிக்குப் பயமாக இருந்தது.

ஒரு மத்தியானம் அண்ணி மாடியிலிருந்து இறங்கி வந்தபோது வீட்டில் ஒரு பெண் நின்றிருந்தாள். நாலு தெரு தள்ளி, வேலைக்குப் போகிறவர்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வீடு நடத்துகிறவள். வாசலில் தள்ளுவண்டியோடு ஒருவன் நின்றான்.

"நல்லா ஓடுதா?" என்று அவள் கேட்டாள்.

"புதுசுதான். பில் இருக்கு" என்றாள் செக்கிங்.

"ஏன் குடுக்குறீங்க?"

"லாட்ஜ் துணி நின்னுடுச்சு. இடத்த அடைச்சுக்கிட்டு நிக்குது."

"எங்களுக்கு ஈரத்துணியே மலையா குவியுதுங்க. மழையில ஒண்ணும் காயல. பசங்கள தூங்கப் போட்டுட்டு இதப் போட்டுவிட்டா, அவங்க எந்திரிக்கிறதுக்குள்ள காஞ்சிடும்ல?"

"காஞ்சிடும்" என்றாள் செக்கிங்.

பணம் கை மாறியது. வண்டிக்காரன் மெஷினைக் கயிறு போட்டுக் கட்டினான். செக்கிங் உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அண்ணி நிலைப்படியைப் பிடித்தபடி நின்றாள். வண்டி எங்கள் வீட்டைத் தாண்டியது, தண்ணீர்க் குழாயைத் தாண்டியது, தெருமுனையில் திரும்பியது. அப்புறம்தான் அவள் ஓடினாள். செருப்பில்லாமல், சேறு தெறிக்கத் தெறிக்க ஓடினாள். நாங்களெல்லாம் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று வெளியே வந்துவிட்டோம்.

"அம்மா, நில்லுங்க! அது சூடு ஏறினா நிக்காதும்மா. துணி கருகுது. பக்கத்துல ஆள் இல்லாம ஓட்டாதீங்க. குழந்தைங்க தூங்குற எடத்துல..." அவளுக்கு மூச்சு வாங்கியது.

அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "எம் பணத்தக் குடுங்க."

வீட்டு வாசலில் செக்கிங் பணத்தை எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் வாங்கி எண்ணிக்கொண்டாள். "குழந்தைங்க இருக்குற வீடுன்னு சொன்னேனே" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. செக்கிங் தரையைப் பார்த்தாள். அந்த மழைக்காலத்தில் அந்த மெஷினுக்குக் கொடுத்த பணம் ஒருத்திக்குத்தான் முழுசாகத் திரும்பக் கிடைத்தது.

திருப்பி இழுத்து வரக் கூலி யார் தருவது என்று தெருமுனையில் சண்டை பிடித்த வண்டிக்காரன், கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போயேபோய்விட்டான். மெஷின் சாக்கடை ஓரம் சாய்ந்து கிடந்தது. கதவு உடைந்து, உள்ளே மழை பெய்துகொண்டிருந்தது. நாங்கள் நாலு பேர் சேர்ந்து தூக்கிக் கொண்டுவந்து முன்னறையில் வைத்தோம். தரையெல்லாம் தண்ணீர்.

செக்கிங் ஒரு துணியை எடுத்து உருளைக்குள் துடைக்கப் போனாள்.

"விடுடி. இனிமே கேஸுக்கும் ஆகாது. நாமதான் உடைச்சோம்னு சொல்லிடுவாங்க."

செக்கிங் துணியைப் பிழிந்தாள். "நீங்க ஓடலேன்னா நான் வித்திருப்பேன் அண்ணி. வித்துட்டு ராத்திரி தூங்கியும் இருப்பேன்."

"நான் மட்டும்? வண்டி திரும்புற வரைக்கும் வாயத் தொறக்காமத்தானே நின்னேன்."

அதற்குமேல் அவர்கள் அதைப் பற்றிப் பேசியதாகத் தெரியவில்லை. மழை ஓய்வதற்கு முன்பே செக்கிங் டவுனில் இருக்கிற பெரிய லாண்டரிக்கு வேலைக்குப் போய்விட்டாள். அங்கேயே தங்கல். நீதிபதி நாற்காலிக்கு ஆள் வந்து வழக்கைக் கூப்பிட்ட தேதியில் இவர்கள் பக்கத்திலிருந்து யாரும் போகவில்லை. தள்ளுபடி ஆகிவிட்டது. எழுத்தர் போனில் சொல்லிவிட்டு, "கொஞ்சம் பொறுத்திருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாராம்.

வெயில் வந்த பிறகு அண்ணி பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டாள். அவன் தராசைத் தூக்கிக்கொண்டு வந்தான். அண்ணி அவன் பக்கத்தில் நின்று, "இதப் பாருப்பா, இது சூடு ஏறினா நிக்காது. ஆரம்பத்துலேர்ந்தே அப்படித்தான். நாங்க அதிகமா ஒண்ணும் போடல..." என்று சொல்லத் தொடங்கினாள்.

"அதெல்லாம் எனக்கு எதுக்குக்கா? நான் எடைக்குத்தானே எடுக்குறேன்" என்றான் அவன்.

அண்ணி நிறுத்தவில்லை. கடைப் பையனிடம் முதலிலேயே சொன்னதை, பழுப்பு வளையம் விழுந்ததை, புகை வந்ததை, மெக்கானிக் எழுதியதை ஒன்று விடாமல் சொன்னாள். அவன் மெஷினைச் சைக்கிள் வண்டியில் ஏற்றி, கயிறு கட்டி, முடிச்சை இழுத்துப் பார்க்கிறவரை "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தான்.